சூதுத் தடையும் ஒரு சிறு தீவின் வழக்கும்

சூது தீது என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆயின், ஒரு நாடு சூதைத் தடுக்குமிடத்து, அத்தடை பிறநாட்டு வாணிபத்துக்கு இழைக்கும் அநீதியாதல் கூடுமோ? இவ்வினாவை எழுப்பிய வழக்கொன்றை இன்று நேயர்களுக்கு எடுத்துக்கூற விழைகின்றேன்.

கரிபியன் கடலிலுள்ள அன்டிகுவா-பார்புடா ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழும் தீவு நாடு. சுற்றுலாவை மட்டும் நம்பியிராது, இணையவழிச் சூதாட்ட நிலையங்களுக்கும் அது அனுமதிப்பத்திரம் வழங்கிற்று. ஐக்கிய அமெரிக்க மக்கள் அந்நிலையங்களில் பந்தயங்கட்டினர். அமெரிக்காவோ, தந்தி தொலைபேசி வழியாகப் பந்தயம் ஏற்பதைத் தடுக்கும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் முதலியவற்றைக் காட்டி அதனைத் தடைசெய்தது. 2003இல் அத்தீவு உலக வர்த்தகத் தாபனத்தில் முறையிட்டது.

அமெரிக்காவின் வாதங்கள் இரண்டு. சூதாட்டச் சந்தையைத் திறப்பதாகத் தான் வாக்களிக்கவேயில்லை என்பது ஒன்று. பொது ஒழுக்கத்தைக் காக்கவே தடை விதித்தது என்பது மற்றொன்று. மேன்முறையீட்டுக் குழு 2005இல் தீர்ப்பளித்தது. பொழுதுபோக்குச் சேவைகளைத் திறப்பதாக உடன்பட்ட அமெரிக்கா, விளையாட்டை மட்டுமே விலக்கியிருந்தது. ஆதலின் சூதாட்டமும் அவ்வுடன்பாட்டுள் அடங்கும் என்றது. பொது ஒழுக்கத்தைக் காக்க இத்தகைய சட்டங்கள் இன்றியமையாதன என்பதையோ ஏற்றுக்கொண்டது. பின் தவறு யாது? குதிரைப்பந்தயம் பற்றிய 1978ஆம் ஆண்டுச் சட்டம், உள்நாட்டார் தொலைவிலிருந்தே பந்தயம் ஏற்க இடமளிப்பதாகத் தோன்றிற்று. தன்னாட்டார்க்கும் அயலார்க்கும் தடை ஒன்றே என்று அமெரிக்காவால் நிறுவ இயலவில்லை.

தீர்ப்புக்கிணங்கச் சட்டத்தைத் திருத்தாத அமெரிக்கா, 2007இல் தன் உடன்பாட்டையே மீளப்பெறுவதாக அறிவித்தது. அன்டிகுவா ஆண்டுக்கு 344 கோடி டொலர் கோரியது. நடுவர் வகுத்ததோ 2 கோடியே 10 இலட்சம். அதனையும் அமெரிக்கா பணமாகச் செலுத்த வேண்டியதில்லை. அத்தொகையளவுக்கு அமெரிக்கரின் பதிப்புரிமை போன்ற அறிவுசார் உரிமைகளை மதியாதிருக்கலாம் என்பதே பரிகாரம். அமெரிக்கப் பண்டங்களுக்கு வரி விதித்தால் விலையேறித் தீவு மக்களே இடர்ப்படுவர் என்பதால் இவ்வழி கொள்ளப்பட்டது. முறையான அனுமதி 2013இல் கிடைத்தது. பத்தாண்டு வழக்காடி அத்தீவு பெற்றது அவ்வனுமதியே, இழந்த வாணிபமன்று.

இதிலிருந்து நாம் உணரத்தக்கவை இரண்டு. சூதைத் தடுக்கும் உரிமை எந்நாட்டுக்கும் உண்டு. ஆயின் ஒழுக்கத்தின் பெயரால் விதிக்கும் தடை தன் வீட்டாரையும் கட்டுப்படுத்த வேண்டும். அடுத்து, சிறியோனும் பெரியோனை வழக்கில் வெல்லலாம்; வென்றதைப் பெறுவதற்கோ, தோற்றவன் தீர்ப்பை மதிக்கும் பண்புடையவனாதல் வேண்டும்.