ஆடியில் அளந்து ஆவணியில் வளர்வோம்

(சாதுர்மாசத் தொடக்க விழாவில் ஆற்றிய உரை)



சிறு வணிகர்களுக்குப் பயன்படும் சில சொற்களைப் பேசுமாறு அறக்கட்டளையார் என்னைப் பணித்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாத்திரக் கடை நடத்தி வரும் எனக்கு நூலறிவு குறைவு, பட்டறிவே துணை. எனினும் இந்நாளுக்கும் நம் தொழிலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று கருதுகின்றேன்.

மழைக்காலத்தில் மண்ணில் சிற்றுயிர்கள் பெருகும். புல்லும் முளையும் தழைக்கும். காலடி பட்டு அவ்வுயிர்களுக்கு ஊறு நேரலாகாது என்பதனால், ஆண்டெல்லாம் ஊர்தோறும் நடக்கும் முனிவர்கள் இந்நான்கு திங்களும் ஓரிடத்தில் தங்குகின்றனர். நடை நிற்கின்றது; தவம் நிற்பதில்லை. சுவாத்தியாயமும் தியானமும் அக்காலத்தில் மேலும் ஆழப்படுகின்றன.

நம் கடைகளுக்கும் இத்தகைய காலம் ஒன்று உண்டு. ஆடியில் திருமணங்கள் இல்லை. சீர்வரிசைப் பாத்திரம் வாங்க வருவாரும் இல்லை. ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கும். அதன்பின் தீபாவளி வரும். இடைப்பட்ட நாட்களை நாம் எவ்வாறு கழிக்கின்றோம்?

நான் கழித்த முறையைக் கூறுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடியில், சம்பளத்தை மிச்சப்படுத்த எண்ணி, எட்டாண்டுகள் உடனிருந்த பணியாளர் ஒருவரை, "ஆவணியில் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டேன். அதே திங்களில் கடன் வாங்கிச் சரக்கு நிரப்பினேன். ஆவணியில் அவர் வேறோர் இடத்தில் சேர்ந்துவிட்டார். எந்த வீட்டார்க்கு எவ்வளவு பெரிய அண்டா வேண்டும், யார் பழைய பித்தளை கொடுத்து எவ்வளவு கழித்துக்கொண்டார் என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தன. என் பேரேட்டில் இல்லை. புதிதாக வாங்கிய சரக்கில் பெரும்பகுதி, கடையின் பின்னறையில் முன்பே கிடந்தது. அவ்வாண்டு முழுதும் வட்டி கட்டினேன். அதனினும், ஒரு குடும்பத்தின் அடுப்பை ஒரு திங்கள் குளிரச் செய்தோமே என்ற எண்ணம் என்னை வருத்தியது. க்ஷமாவாணி நாளன்று அவர் இல்லம் சென்று பொறுத்தருள வேண்டினேன். பொறுத்தார், ஆனால் கடைக்குத் திரும்பி வரவில்லை.

அன்றுமுதல் ஆடிதோறும் நான்கு பணிகளைச் செய்து வருகின்றேன்.

முதலாவது, இருப்பெடுத்தல். ஒவ்வொரு பொருளையும் எண்ணி, நிறுத்து, விரைவில் விற்பவை, மெல்ல விற்பவை, ஈராண்டாக அசையாதவை என மூன்றாகப் பிரிக்க வேண்டும். 2,00,000 ரூபாய்ச் சரக்கு உறங்கிக் கிடக்க, நாம் நூற்றுக்கு 12 வட்டியில் கடன் வாங்கியிருந்தால், ஆண்டுக்கு 24,000 ரூபாயை உறங்கும் பாத்திரத்திற்காகவே செலுத்துகின்றோம். அதனை வாங்கிய விலைக்கே விற்பினும் நன்று.

இரண்டாவது, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தல். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குரிய தொகையை 45 நாட்களுக்கு மேல் தாழ்த்தலாகாது என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் இல்லையெனினும், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பவருக்கும் இது ஆடியே என்பதை நாம் மறக்கலாமா? நமக்கு வரவேண்டியதைக் கேட்குமுன் நாம் தரவேண்டியதைத் தருதல் முறை.

மூன்றாவது, தராசைச் சோதித்தல். மின்னணுத் தராசினை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை பெற வேண்டும். கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்குக் கூறப்பட்ட ஐந்து அதிசாரங்களுள், மிகுதியாக அளந்து வாங்கிக் குறைவாக அளந்து விற்பதும் ஒன்று. பழைய பாத்திரத்தை எடைக்கு வாங்கிப் புதியதை எடைக்கு விற்கும் நமக்கு இருபுறமும் சோதனை உண்டு.

நான்காவது, பணியாளரைப் பேணல். முழுச் சம்பளத்துடன் அவரை இருத்தி, அவர் நினைவில் உள்ளவற்றைக் கேட்டுப் பேரேட்டில் எழுதுங்கள். கணக்கு எழுதவும், விலைச்சீட்டு இடவும் அவருக்குக் கற்பியுங்கள். கூட்டம் நிறைந்த நாளில் கற்பிக்க இயலாது.

இவை முடிந்தபின்னரே விரிவாக்கம் பற்றி எண்ணுதல் வேண்டும். அங்கும் நம் முன்னோர் ஒரு வழி வகுத்துள்ளனர். பொருள் வரைதல் இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஒன்று. பொருளே ஈட்டாதே என்று அது கூறவில்லை. அளவை நீயே முன்னர் வரையறுத்துக்கொள் என்று கூறுகின்றது. எவ்வளவு கடன் வாங்குவேன், எத்தனை கடை வைப்பேன், எந்த நேரத்திற்குமேல் கடையைத் திறந்து வைக்கமாட்டேன், எவ்வளவுக்கு மேற்பட்டதை அறத்திற்கு அளிப்பேன் என்பவற்றை ஆடியிலேயே பேரேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஆவணிக் கூட்டத்தின் நடுவே எழுதப்படும் அளவு ஆசையின் அளவாகவே இருக்கும். அமைதியான நாளில் எழுதிய அளவே நம்மைக் காக்கும்.

இளைஞர்களே! வரவிருக்கும் ஆடியில் கடை வெறிச்சோடியிருப்பது கண்டு மனம் தளராதீர்கள். உள்ளறையின் விளக்கை ஏற்றி, முதல் அடுக்கிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். நம் ஊருக்கு எழுந்தருளியுள்ள முனிவர் பெருமக்களின் அறவுரையை மாலைதோறும் கேளுங்கள். இரண்டும் ஒரே நோன்பின் இரு பகுதிகள்.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக!