பேட்டரி விஷயத்துல நான் சொன்னது தப்பு

நாவலூர்ல இருந்து பேசுறேன். பின்னாடி மெட்ரோ வேலை சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. இன்னைக்கு புது விஷயம் இல்ல, ஒரு திருத்தம்.

ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி, லினக்ஸ் லேப்டாப்புல பிராசஸர் வேகத்தை ஆகக் குறைந்த அளவுல பூட்டி வெச்சா பேட்டரி அதிக நேரம் நிக்கும்னு சொன்னேன். நானே டெஸ்ட் பண்ணேன்னும் சொன்னேன். கேளம்பாக்கம் பக்கம் காலேஜ் படிக்கிற ஒரு தம்பி அதை நம்பி செஞ்சிருக்கார். "அண்ணா, ப்ராஜெக்ட் கம்பைல் ஆகவே ரொம்ப நேரம் ஆகுது, பேட்டரியும் முன்னைவிட அதிகமா இறங்குது. நீங்க எப்படி டெஸ்ட் பண்ணீங்க?"ன்னு எழுதியிருந்தார்.

பதில் எழுத உட்கார்ந்தப்பதான் என் தப்பு தெரிஞ்சது. ஒண்ணு இல்ல, ரெண்டு.

முதல் தப்பு: சாதாரண வேகத்துல டெஸ்ட் பண்ணது மதியம் மூணு மணிக்கு, ஏசி இல்லாம. வேகத்தைக் குறைச்சு டெஸ்ட் பண்ணது ராத்திரி, ஏசி போட்டு. சிப் சூடானா கசிவு மின்சாரம் கூடும், ஃபேனும் வேகமா சுத்தும். அப்போ நான் ஒப்பிட்டது பிராசஸர் வேகத்தை மட்டுமா, நம்ம ஊர் வெயிலையும் சேர்த்தா?

ரெண்டாவது தப்பு இன்னும் பெருசு. ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷம் வாட் அளவைப் பார்த்துட்டு நிறுத்திட்டேன். வேலை முடியுற வரைக்கும் மொத்தம் எவ்வளவு ஜூல் செலவாச்சுன்னு பார்க்கல.

ஒரு கணக்கு போடுவோம். முழு வேகத்துல பிராசஸர் 20 வாட், திரையும் மத்ததும் 6 வாட், வேலை 60 விநாடியில முடியுதுன்னு வெச்சுக்கோங்க. மொத்தம் 1560 ஜூல். மெதுவா ஓட்டினா பிராசஸர் 8 வாட்தான், ஆனா 150 விநாடி ஆகுது. அதே 6 வாட்டும் சேர்ந்து 2100 ஜூல். வாட் குறைஞ்சது, செலவு கூடிடுச்சு. கல்யாண மண்டபத்துல சமையல்காரர் நிதானமா வேலை பார்த்தா, அதுவரைக்கும் மண்டபத்து லைட் எல்லாம் எரியுற மாதிரி. வேலை முடிஞ்சதும் லேப்டாப்பை மூடிடுறவங்களுக்குத்தான் இந்தக் கணக்கு. திரை எப்படியும் எரியப் போகுதுன்னா முடிவு மாறலாம்.

அப்போ வேகத்தைக் குறைக்கிறதால லாபமே இல்லையா? இருக்கு. பிராசஸர் எடுக்குற மின்சாரம் வேகத்தோட மட்டும் இல்ல, வோல்டேஜோட இருமடியையும் பொறுத்தது. உச்ச வேகத்துக்கு வோல்டேஜ் நிறைய ஏறணும், அதனால அங்க கொஞ்சம் குறைச்சாலே நல்ல மிச்சம். ஆனா ஒரு அளவுக்குக் கீழ வோல்டேஜ் இறங்காது. அதுக்கப்புறம் குறைக்கிறது வெறும் தாமதம்தான்.

இதைச் சரியா முடிவு பண்ணத்தான் லினக்ஸ் கெர்னல்ல 'கவர்னர்'னு ஒரு பகுதி இருக்கு. (ராஜ்பவன் ஞாபகம் வேண்டாம்!) 'ஆன்டிமாண்ட்' கவர்னர் பத்தி வெங்கடேஷ் பல்லிபாடியும் அலெக்ஸி ஸ்டாரிகோவ்ஸ்கியும் 2006 ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டுல கட்டுரை கொடுத்தாங்க. லோடு ஏறினா நேரா உச்ச வேகத்துக்குத் தாவுறது அதோட வழி. 2016-ல கெர்னல் 4.7-ல வந்த 'ஷெட்யூட்டில்', ஷெட்யூலர்கிட்டயே லோடு எவ்வளவுன்னு கேட்டு, அதுக்கு மேல 25 சதவீதம் இடம் விட்டு வேகத்தை வைக்குது. இந்தப் பகுதியைப் பல வருஷமா பராமரிக்கிறவங்கள்ல விரேஷ் குமார்ங்கிற இந்தியப் பொறியாளரும் ஒருத்தர். இவ்வளவு பேர் யோசிச்சு வெச்ச பூட்டை, ஒரு மதியத்து டெஸ்ட்டை நம்பி நான் உடைக்கச் சொல்லிட்டேன்.

இந்த வாரம் மறுபடி டெஸ்ட் பண்ணேன். ஒரே அறை, ஏசி ஒரே அளவு, திரை வெளிச்சம் மாத்தல, சார்ஜர் கழட்டியாச்சு. சாதாரணம், குறைச்சது, குறைச்சது, சாதாரணம்னு மாத்தி மாத்தி, நடுவுல ஆற விட்டு, ஒவ்வொண்ணும் பத்து தடவை. இன்டெல் சிப்புல இருக்குற ஆர்.ஏ.பி.எல். மீட்டர் பிராசஸர் பக்கத்துச் செலவைத்தான் சொல்லும், திரையைச் சொல்லாது. அதனால பேட்டரி அளவையும் சேர்த்துக் குறிச்சேன்.

முடிவு: என் லேப்டாப்புல கம்பைல் வேலைக்கு, வேகத்தை அடிமட்டத்துல பூட்டினதுதான் அதிகம் செலவழிச்சது. டர்போவை மட்டும் அணைச்சது நல்லா மிச்சம் பண்ணுச்சு, நேரமும் கொஞ்சம்தான் கூடுச்சு. வீடியோ பார்க்கும்போது எதை மாத்தியும் வித்தியாசம் தெரியல.

இன்னொண்ணு. இன்டெல்லோட பிஸ்டேட் டிரைவர்ல 'பவர்சேவ்'னு இருந்தா வழக்கமா அது அடிமட்ட வேகம் இல்ல, லோடுக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கும். பேரைப் பார்த்து பயந்து மாத்தாதீங்க.

அந்தத் தம்பிக்கு முதல்லயே பதில் போட்டுட்டேன். என் பேச்சைக் கேட்டு நீங்களும் பூட்டியிருந்தா, இன்னைக்கே திறந்துடுங்க. இந்தத் தடவை நான் சொல்றதையும் அப்படியே நம்ப வேண்டாம், உங்க மெஷின்ல ஓட்டிப் பார்த்துட்டு எழுதுங்க.