வீட்டுக்குள் தொலைந்த நாணயம்

(தவக்காலம் நான்காம் ஞாயிறு, 30 மார்ச் 2025. வானொலி மறையுரை)



மார்ச் 3ஆம் தேதி தொடங்கிய பிளஸ் டூ தேர்வு கடந்த செவ்வாய்க்கிழமை முடிந்தது. வெள்ளைச் சட்டை முழுவதும் ஸ்கெட்ச் பேனாவால் கையெழுத்துகள், ஒருவர் தோளில் ஒருவர் கை, சிலருக்குச் சிரிப்பு, சிலருக்கு அழுகை. அந்தச் சட்டையை இனி துவைக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருப்பார்கள். தேர்வுக்கு முன் பல பங்குகளில் இவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்து, பேனாக்களையும் ஹால் டிக்கெட்டையும் மந்திரித்துக் கொடுத்தோம். இன்றைய சிந்தனை முதலில் அந்த மாணவ மாணவியருக்கு. பெற்றோரும் பங்கு மக்களும் உடன் அமர்ந்து கேளுங்கள்.

பிள்ளைகளே, உங்கள் வகுப்பைப் போன்ற ஒரு வகுப்பு இதற்கு முன் பள்ளியை விட்டு வெளியேறியது அபூர்வம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது நீங்கள் 7ஆம் வகுப்பில் இருந்தீர்கள். மீண்டும் வாசல் திறந்தது 2021 செப்டம்பர் 1ஆம் தேதி. அன்று நீங்கள் 9ஆம் வகுப்பு. இடையிலிருந்த 8ஆம் வகுப்பு என்ற ஒன்றில் நீங்கள் ஒரு நாள்கூட உட்காரவில்லை. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, வாட்ஸ்அப்பில் பாடம் வந்தது, வீட்டிலிருந்த ஒரே செல்போனை அப்பா காலையில் வேலைக்கு எடுத்துக்கொண்டு போனார். தேர்வு இல்லை, அனைவரும் தேர்ச்சி. அதன்பின் 10, 11, 12 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு. மூச்சு விட நேரமில்லாமல் ஓடி வந்திருக்கிறீர்கள். பாராட்டுகிறேன்.

பிரியாவிடை விழா ஒன்றில் ஒரு மாணவர் பேசினார். ஆசிரியர்களுக்கு நன்றி சொன்னார், விளையாட்டுப் போட்டிகளையும் சுற்றுலாவையும் நினைவுகூர்ந்தார். பிறகு, "எட்டாம் வகுப்பை மட்டும் நாங்கள் பாயில் படுத்துக்கொண்டே படித்தோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், 7ஆம் வகுப்பில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் பெயரைச் சொன்னார். "அவன் அப்புறம் வரவே இல்லை" என்றார். அதற்குமேல் பேச வரவில்லை, மைக்கை வைத்துவிட்டு இறங்கிவிட்டார். அன்றைய நிகழ்ச்சியில் அழகாகத் தயாரித்த உரைகள் பல இருந்தன. என் மனத்தில் நின்றது இந்த ஒன்றுதான்.

அன்புக்குரியவர்களே, இன்றைய நற்செய்தி லூக்கா 15ஆம் அதிகாரம். நாம் நன்கு அறிந்த காணாமற்போன மகன் உவமை. ஆனால் திருப்பலிப் புத்தகத்தைக் கவனித்துப் பாருங்கள். முதல் மூன்று வசனங்களை வாசித்ததும் நேரே 11ஆம் வசனத்துக்குத் தாவிவிடுகிறோம். நடுவில் இரண்டு சிறிய உவமைகள் விடுபடுகின்றன. ஒன்று காணாமற்போன ஆடு. மற்றொன்று காணாமற்போன நாணயம். ஆட்டின் உவமை ஜூன் மாதத்தில் இயேசுவின் திருஇருதயப் பெருவிழாவில் வந்துவிடும். நாணயத்துக்கு இந்த ஆண்டு ஒரு ஞாயிறும் வாய்க்கவில்லை. வழக்கமாக அது வரும் செப்டம்பர் ஞாயிறன்று இம்முறை திருச்சிலுவையின் மகிமை விழா வந்துவிடுகிறது. ஆகவே இன்றே அதை எடுத்துக்கொள்கிறேன். கோவிலில் உங்கள் பங்குத்தந்தை தந்தையின் அன்பைப் பற்றிச் சொல்லியிருப்பார். நான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு பெண்ணிடம் பத்துத் திராக்மா இருக்கிறது. ஒரு திராக்மா என்பது ஏறக்குறைய ஒரு நாள் கூலி. அதில் ஒன்று தொலைந்துபோகிறது. அவர் விளக்கை ஏற்றுகிறார், வீட்டைப் பெருக்குகிறார், கிடைக்கும்வரை தேடுகிறார். கிடைத்ததும் தோழியரையும் அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு மகிழ்கிறார்.

மூன்று உவமைகளிலும் தொலைதல் இருக்கிறது. ஆனால் தொலைந்த விதம் வேறு. இளைய மகன் தானாகப் பங்கைப் பிரித்துக்கொண்டு தொலை நாட்டுக்குப் போனார். ஆடு மேய்ந்துகொண்டே வழி தவறியது. நாணயம் எங்கும் போகவில்லை. அதற்குக் கால் இல்லை. யாருடைய கையிலிருந்தோ நழுவி விழுந்தது. விழுந்த இடமும் வெளியே இல்லை, வீட்டுக்குள்தான். அந்தக் காலத்துப் பாலஸ்தீன ஏழை வீட்டில் வெளிச்சம் குறைவு, அதனால்தான் பகலிலும் விளக்கு தேவைப்பட்டது. கட்டிலுக்கு அடியில், மண் தரையின் விரிசலில், இருட்டில் அது கிடக்கிறது. வீட்டார் எல்லாரும் அதன் பக்கத்திலேயே நடமாடிக்கொண்டு இருக்கிறார்கள்.

பள்ளிக்குத் திரும்பாத உங்கள் நண்பர்களைச் சிலர் ஊதாரி மகனின் கணக்கில் சேர்க்கிறார்கள். "படிப்பு ஏறவில்லை, சம்பாதிக்க ஆசை வந்துவிட்டது" என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஊரடங்கில் அப்பாவுக்கு வேலை போனது. கந்துக்காரர் வாசலில் நின்றார். பதின்மூன்று வயதுப் பையன் மாமாவோடு மெக்கானிக் கடைக்குப் போனான், இன்னொருவன் வள்ளத்தில் ஏறினான், ஒரு பெண்பிள்ளை நூற்பாலைக்குப் போனாள், இன்னொருத்திக்கு அவசரமாகக் கல்யாணம் பேசினார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. உங்கள் வகுப்புக்குப் பள்ளி மூடியபோது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. திறந்தபோது பதினான்கு. சட்டம் கையை விடுகிற அதே வயதில் பள்ளியும் கையை விட்டது. இவர்கள் ஓடிப்போனவர்கள் அல்லர், நழுவி விழுந்தவர்கள். விழுந்ததும் தொலை நாட்டில் அல்ல. உங்கள் தெருவில், உங்கள் அன்பியத்தில், சிலர் அதே கோவிலின் கடைசி வரிசையில்.

இப்போது மூத்த மகனைப் பாருங்கள். அவர் எதையும் பாழாக்கவில்லை, எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்தார். அவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். தம்பி போன நாளிலிருந்து திரும்பிய நாள் வரை ஒருமுறையாவது அவர் தேடிப் போனாரா? ஆட்டைத் தேட ஒருவர் போனார், நாணயத்தைத் தேட ஒருவர் குனிந்தார். தம்பியைத் தேட யாரும் போகவில்லை. திரும்பி வந்த பிறகும் அவரைத் தம்பி என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை, தந்தையின் மகன் என்றே குறிப்பிடுகிறார். படிப்பை முடித்தவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. "எங்கள் கிளாஸ்மேட்" என்ற சொல் மெல்ல மெல்ல, "அந்த ஒர்க்ஷாப் பையன்" என்று மாறிவிடும். குழுப் புகைப்படத்தில் இல்லாதவர் நினைவிலும் இல்லாமல் போவார்.

தேடு என்றால் எப்படி என்று கேட்பீர்கள். புனித ஜான் போஸ்கோவிடம் கேட்கலாம். 1841 டிசம்பர் 8, அமல உற்பவ மாதாவின் திருநாள். இத்தாலியின் தூரின் நகரில் ஒரு கோவிலில் அவர் திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். குருவாகி ஆறு மாதம்தான். அங்கே ஒதுங்கி நின்ற ஒரு கொத்தனார் பையனைப் பூசை உதவத் தெரியாதவன் என்று கோவில்பிள்ளை அடித்து விரட்டினார். "அவன் என் நண்பன், கூட்டி வாருங்கள்" என்ற பொருளில் சொல்லி அவனைத் திரும்ப அழைத்தார் தொன் போஸ்கோ. அதற்குமுன் அவனைப் பார்த்ததே இல்லை! அவனுக்கோ தாய் தந்தை இல்லை, எழுத்து தெரியாது. சலேசிய சபையின் வரலாறு அந்தப் பையனிடமிருந்துதான் சொல்லப்படுகிறது.

அவருக்கு அந்தப் பையனின் மனநிலை புரிந்ததில் வியப்பில்லை. அவரே படிப்பை விட்டவர். இரண்டு வயதில் தந்தையை இழந்தார். படிப்பதை மூத்த அண்ணன் எதிர்த்ததால் பன்னிரண்டு வயதில் இன்னொருவர் பண்ணையில் வேலைக்காரனாகப் போனார். பதினாறு வயதில்தான் கியேரி நகரப் பள்ளியில் சேர்ந்தார், அதுவும் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு கீழ் வகுப்பில். அந்தப் பெஞ்சில் உட்கார எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும்! உங்கள் நண்பருக்கும் அந்த வெட்கம்தான் இப்போது பெரிய தடை. பணம்கூட அதற்கு அடுத்ததுதான்.

ஆகையால் போகும்போது கூட்டமாகப் போகாதீர்கள். ஒருவர் அல்லது இருவர் போங்கள். செல்போனை எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம். "ஏன் நின்றுவிட்டாய்?" என்று விசாரணை வேண்டாம். டீ குடிக்கக் கூப்பிடுங்கள், பழைய கதை பேசுங்கள். திருமணமாகிப் போன தோழி என்றால் பெண்பிள்ளைகள் அம்மாவோடு போய்க் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வாருங்கள். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ போகும்போது படிப்பைப் பற்றிப் பேசலாம். அந்த ஆண்டு பெயர் பதிவேட்டில் இருந்தவர்களுக்கு உங்களைப் போலவே 8ஆம் வகுப்புத் தேர்ச்சி உண்டு என்பது அவர்களில் பலருக்கே தெரியாது. அதை வைத்து ஐடிஐயில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் சேரலாம். தனித்தேர்வராக 10ஆம் வகுப்புத் தேர்வும் எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டு ஒரு ஆண்டை இழப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தலைமையாசிரியரிடம் விவரம் கேளுங்கள், அவருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். உங்கள் பழைய 10ஆம் வகுப்புப் புத்தகங்களை எடைக்குப் போடாதீர்கள்.

பங்குக்கும் ஒரு வேலை உண்டு. பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயரை நீக்கிவிடலாம், திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் நீக்கப்படுவதில்லை. 2007, 2008ஆம் ஆண்டுப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே, இந்த ஆண்டு பேனா மந்திரித்து வாங்கிய பிள்ளைகளின் பட்டியலை வையுங்கள். வெளியூர் போனவர்களைக் கழித்துவிட்டு, இதில் இருந்து அதில் இல்லாத பெயர்களை அன்பிய வாரியாக எழுதுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையினருக்கும் இளையோருக்கும் இந்தத் தவக்காலத்தில் இதைவிட நல்ல வேலை எனக்குத் தோன்றவில்லை. இது எதிர்நோக்கின் யூபிலி ஆண்டு. உரோமைக்குத் திருப்பயணம் போக எல்லாராலும் முடியாது, அடுத்த தெரு வரை போக முடியும்.

பிளஸ் டூ முடிவு மே 9ஆம் தேதி வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். இன்றிலிருந்து எண்ணிப் பார்த்தேன், சரியாக நாற்பது நாள். முடிவு வந்துவிட்டால் கட்-ஆப், கல்லூரி, விடுதி என்று உங்களுக்கு நேரம் இருக்காது. இந்த நாற்பது நாளில் நீங்கள் தேடிப் போக வேண்டியவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் பெயரை இப்போது மனத்துக்குள் சொல்லுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து மன்றாடுகிறேன்.

ஆண்டவரே, இந்தப் பிள்ளைகள் சொல்லும் பெயர்களை நீர் அறிவீர். பணிமனையிலும் ஆலையிலும் கடலிலும் அடுப்படியிலும் இருக்கும் அவர்களை இன்று ஆசீர்வதியும். தேடிப் போகிறவர்களின் கையில் விளக்கைக் கொடும். ஆமென்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!