பேரப்பிள்ளைகளோடு லண்டன் பார்த்தோம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"லண்டன் போயிட்டு வந்தீங்களே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். லண்டனை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். ஆனால் ஒரு கையில் எட்டு வயசுப் பேரன், மறு கையில் ஐந்து வயசுப் பேத்தி, தோளில் தயிர்சாதப் பை என்று ஆறு வாரம் அந்த ஊரைச் சுற்றியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் மைக் முன்னால் நிற்கிறேன். நம்மில் பலருடைய பிள்ளைகள் இன்றைக்கு வெளிநாட்டில். கோடை விடுமுறை வந்தால் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் நம் பொறுப்பு. ஆகவே இது உங்களுக்கும் உபயோகப்படும்.

பெரிய ஊரைப் பார்க்கிறவர்கள் பொதுவாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்வார்கள். காலையில் கோட்டை, பத்து மணிக்குப் பாலம், பகலில் அரண்மனை, சாயங்காலம் ராட்சத ராட்டினம். பெரியவர்களுக்கு இது சரி. குழந்தை பதினோரு மணிக்கு நடைபாதையில் உட்கார்ந்துவிடும். அதட்டினால் அழும். அது குழந்தையின் குற்றமில்லை. அதற்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை, அவ்வளவுதான்.

எனக்குக் கைகொடுத்தது எங்கள் ஆயா சொல்லித் தந்த வழி. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மாசி மகத்துக்கு எங்களை விருத்தாசலம் அழைத்து வருவார்கள். பழமலைநாதர் கோயிலில் எல்லாமே ஐந்து என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்து கோபுரம், ஐந்து கொடிமரம், ஐந்து தேர். "அஞ்சையும் கண்டுபிடிச்சுட்டு வாங்கடா" என்று ஆயா சொன்னால் போதும், கால் வலி என்று ஒருத்தனும் சொல்ல மாட்டான். லண்டனிலும் அதையேதான் செய்தேன். ஒரு நாளைக்கு ஒரே இடம். அந்த இடத்தில் தேடிக் கண்டுபிடிக்க ஒரு பொருள். மதியம் இரண்டு மணிக்கு வீடு.

தேட என்ன பொருள் கொடுப்பது? செராமிக் படித்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? "தாத்தா செஞ்ச மாதிரி மண்ணைச் சுட்டுச் செஞ்சது எங்கெல்லாம் இருக்குன்னு பாருங்க" என்றேன். வேலையில் இருந்த காலமெல்லாம் நான் இன்சுலேட்டரும் ஃபியூஸ் கட்டையும் பார்த்தவன். ஆனால் என் பேத்தி அதுவரை தாத்தா பொம்மைக் கடை வைத்திருந்தார் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் சவுத் கென்சிங்டன். ரயில் நிலையத்திலிருந்து மியூசியங்களுக்குத் தரைக்கு அடியிலேயே ஒரு நடைபாதை போகிறது. 1885-இல் திறந்தது, நானூறு மீட்டருக்கு மேல் நீளம், சுவரெல்லாம் கிளேஸ் போட்ட டைல்ஸ். மழைக்கு நனையாமல் குழந்தைகளை நடத்திக்கொண்டு போகலாம். அதன் வழியே போனால் இயற்கை வரலாற்று மியூசியம். ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1881-இல் திறக்கப்பட்டது. உள்ளும் புறமும் சுடுமண். லண்டனின் கரிப்புகை ஒட்டினாலும் கழுவிவிடலாம் என்பது சுடுமண்ணுக்கு இருந்த ஒரு சிறப்பு.

எல்லாரும் உள்ளே போய் மேலே தொங்கும் நீலத்திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான், 25 மீட்டர் நீளம், 2017 முதல் அங்கே தொங்குகிறது. நாங்கள் அதற்கு முன் சுவரைப் பார்த்தோம். ஒரு பக்கச் சிறகில் அழிந்துபோன விலங்குகள், மறு பக்கச் சிறகில் இன்றும் வாழும் விலங்குகள், எல்லாம் அச்சில் அழுத்திச் சுட்டு எடுத்தவை. நடு மண்டபத்து வளைவுகளில் குரங்குகள் ஏறுகின்றன. பேத்தி குரங்கு எண்ணினாள். பேரன் எது அழிந்தது, எது இருக்கிறது என்று பிரித்தான். முழுசாக ஒன்றரை மணி நேரம். டைனோசர் பக்கம் வரிசை நீளமாக இருந்தது. "நாளன்னைக்கு வரலாம்" என்றேன், யாரும் அழவில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால் திரும்ப வருவதில் நஷ்டமில்லை. இங்கிலாந்தின் தேசிய மியூசியங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு 2001 டிசம்பரோடு கட்டணம் நீங்கிவிட்டது.

பாதாள ரயிலையும் வேடிக்கையாக்கலாம். லெஸ்லி கிரீன் என்பவர் வடிவமைத்து 1906, 1907 ஆண்டுகளில் திறந்த நிலையங்களின் முகப்பு முழுக்க கறுத்த சிவப்பு கிளேஸ் போட்ட பீங்கான் கட்டிகள். உள்ளே பிளாட்பாரத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி டைல்ஸ் கோலம். பெயரைப் படிக்காமலே சுவரைப் பார்த்து ஊரைச் சொல்லலாம். எழுத்துக் கூட்டத் தெரியாத என் பேத்தி இரண்டாவது வாரத்தில் எங்கள் எல்லாருக்கும் முன்னால் "இறங்கணும் தாத்தா" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

சில நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பதினொரு வயதுக்குக் கீழே இருந்தால் பஸ்ஸில் இலவசம். டிக்கெட் எடுத்த பெரியவர் ஒருவரோடு நான்கு பிள்ளைகள் வரை பாதாள ரயிலிலும் இலவசம். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்காது. கோவென்ட் கார்டனில் லிஃப்ட்டைத் தவறவிட்டுப் படியேறினால் 193 படி, பழநிமலை நினைவுக்கு வரும். மாடி பஸ்ஸின் மேல்தளத்து முன் சீட்டு கிடைத்தால் அதுவே ஒரு நாள் சுற்றுலா. கழிப்பறை எங்கே கண்ணில் பட்டாலும் போய்விட்டு வந்துவிட வேண்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விடக்கூடாது. அம்மாவின் போன் நம்பரைக் கையில் கட்டும் பட்டையில் எழுதிவிடுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால், "தேடி அலையாதே, நின்ன இடத்துலேயே நில்லு, தாத்தா வருவேன்" என்று தினமும் கிளம்பும்போது ஒருமுறை சொல்லுங்கள்.

ரஸல் ஸ்கொயர் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் என்று ஒரு விளையாட்டு மைதானம். குழந்தை கூட வராவிட்டால் பெரியவர்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. என் பேரன் ஒரு வாரம் பெருமையடித்துக்கொண்டான், "தாத்தாவை நான்தான் உள்ளே கூட்டிட்டுப் போனேன்" என்று. வளர்க்க வழியில்லாமல் தாய்மார் விட்டுச்சென்ற குழந்தைகளுக்காகத் தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் 1739-இல் தொடங்கிய இல்லம் இருந்த இடம் அது. பெற்ற தாய் என்றாவது திரும்பி வந்தால் அடையாளம் காட்ட, ஒரு நாணயமோ துணித்துண்டோ குழந்தையோடு வைத்துப்போவார்களாம். அவற்றில் சில பக்கத்து மியூசியத்தில் இருக்கின்றன.

அடுத்தது லாம்பெத். சுற்றுலாப் பட்டியலில் இந்தப் பெயர் வராது, ஆனால் நம் தொழில்காரர்களுக்கு அது க்ஷேத்திரம். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றத்தால் நாடாளுமன்றத்தில் உட்கார முடியவில்லை. காலரா பல தடவை வந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிருந்தது. பிறகு ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் செங்கல்லால் பெரிய சாக்கடைச் சுரங்கங்கள் கட்டினார். வீடுகளிலிருந்து கழிவு போவதற்கு? ஹென்றி டௌல்டன் 1846-லேயே லாம்பெத்தில் ஸ்டோன்வேர் குழாய் செய்யத் தொடங்கியிருந்தார். நம் ஊறுகாய் ஜாடி வகைதான். சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உப்பைத் தூவிப் பிடிக்கவைக்கும் மெருகு. நீர் ஊறாது, அமிலம் அரிக்காது. அந்தச் சூளைப் புகையே பின்னாளில் தொல்லையாகி, காற்றுத் தூய்மை விதிகள் வந்ததும் 1956-இல் லாம்பெத் ஆலை மூடப்பட்டது. பிளாக் பிரின்ஸ் சாலையில் ஒரு கட்டடம் மட்டும் மிச்சம். அதன் வாசலுக்கு மேலே டௌல்டனும் கலைஞர்களும் பானை பார்க்கிற மாதிரி ஒரு சுடுமண் சிற்பம். நாற்காலிக்கு அடியில் ஒரு பூனை. பேத்தி அதைக் கண்டுபிடித்துக் கைதட்டினாள்.

அங்கேதான் பேரன் கேட்டான், "அப்போ சாக்கடைக் குழாய் செஞ்சவங்கதான் காலராவை நிறுத்தினாங்களா?" "அவங்களும் சேர்ந்துதான்டா" என்றேன். "நீங்க செஞ்ச இன்சுலேட்டர்?" "அது இருக்கிறதாலதான் கரண்ட் கம்பத்துல இறங்காம ஊருக்குப் போய்ச் சேருது." கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தான். எத்தனையோ பிரிவுபசாரக் கூட்டங்களில் மாலை வாங்கியிருக்கிறேன். அந்த அமைதி எனக்கு அதைவிடப் பெரிது.

கடைசியாக ஒரு இடம். செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்ற சின்னப் பூங்கா. பிறர் உயிரைக் காப்பாற்றப் போய்த் தம் உயிரை விட்ட சாதாரண மனிதர்களுக்காக, ஜி. எஃப். வாட்ஸ் என்ற ஓவியர் 1900-இல் அங்கே ஒரு நினைவுச் சுவர் அமைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு பீங்கான் பலகை. முதலில் டி மார்கன் செய்து கொடுத்தார், பிறகு டௌல்டன் ஆலை. "குழந்தைங்களுக்குச் சாவைப் பத்தி எதுக்குப்பா?" என்று என் மகள் தயங்கினாள். அவள் தயக்கமும் நியாயம்தான். ஒரே ஒரு பலகையைப் படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லி அழைத்துப்போனேன்.

ஆலிஸ் ஏயர்ஸ், கொத்தனாருக்குக் கையாளாக இருந்த ஒரு கூலித் தொழிலாளியின் மகள். 1885-இல் வீடு தீப்பற்றியபோது, ஜன்னல் வழியே மெத்தையைக் கீழே போட்டு, மூன்று குழந்தைகளை ஒவ்வொருவராக அதில் இறக்கிவிட்டாள். அவள் பிழைக்கவில்லை. பேத்தி கேட்டாள், "அந்த அக்கா ஏன் முதல்ல குதிக்கல?" எனக்கு வார்த்தை வரவில்லை. பேரன்தான் சொன்னான், "அவங்கதான் அங்க பெரியவங்க."

தம்பி, தங்கைகளே, ராஜாக்களுக்கு அந்த ஊரில் கல்லிலும் வெண்கலத்திலும் சிலை இருக்கிறது. கூலிக்காரர் மகளின் பெயரை இத்தனை வருஷம் மழையிலும் பனியிலும் எழுத்து அழியாமல் வைத்திருப்பது நீங்கள் படிக்கும் மண்ணும் சூளையும் மெருகும்தான். "செராமிக்கா படிக்கிறே?" என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் இதைச் சொல்லுங்கள்.

நண்பர்களே, அடுத்த லீவுக்கு உங்கள் பேரப்பிள்ளைகள் இங்கே வரும்போது முதலில் நம் ஊரின் ஐந்து கோபுரத்தை எண்ணவிடுங்கள். அப்படியே பீங்கான் பேட்டைக்கு அழைத்துப்போய் ஒரு பிடி ஈர மண்ணைக் கையில் கொடுங்கள். மீதியை அவர்களே கேட்பார்கள்.