சாசனம் எழுத வேண்டியவர்கள் யார்?



அல்தியெரோ ஸ்பினெல்லி என்ற இத்தாலியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முசோலினியின் ஆட்சி அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தபோது வயது 19. பத்தாண்டு சிறை, அதன்பின் தீவுக் காவல். வென்தோதேனே என்ற அந்தச் சின்னஞ்சிறு தீவில், ஹிட்லரின் படைகள் ஐரோப்பாவை மிதித்துக்கொண்டிருந்த 1941-இல், அவரும் எர்னஸ்தோ ரோஸ்ஸியும் ஓர் அறிக்கை எழுதினார்கள். ஐரோப்பிய நாடுகள் ஒரே கூட்டாட்சியாக இணையாதவரை போர் ஓயாது என்றார்கள். கைதிகள் எழுதியது, ஐயா, அது!

போர் முடிந்தது, ஐரோப்பியச் சமூகம் அமைந்தது. ஒப்பந்தங்களை அமைச்சர்களும் தூதர்களும் தங்களுக்குள் பேசி எழுதிக்கொண்டார்கள். நாடாளுமன்றம் என்ற பெயரில் ஓர் அவை இருந்தது. அதற்கு மக்கள் யாரையும் தேர்ந்தெடுத்ததில்லை. 1979 ஜூனில்தான் ஒன்பது நாட்டு மக்கள் நேரடியாக வாக்களித்து 410 பேரை அனுப்பினார்கள். எழுபதைக் கடந்த ஸ்பினெல்லியும் அவர்களில் ஒருவர்.

மக்கள் வாக்கைப் பெற்ற பிறகும் அரசுகள் தரும் தாளுக்குக் கருத்துச் சொல்லிக்கொண்டிருப்பதா? இதுதான் அவர் கேள்வி. 1980-இல் ஸ்ட்ராஸ்பூரில், ‘குரோக்கடைல்’ என்ற உணவகத்தில் ஒன்பது உறுப்பினர்கள் கூடினார்கள். இத்தாலியக் கம்யூனிஸ்டுகளின் பட்டியலில் வென்ற ஸ்பினெல்லியோடு பிரிட்டிஷ் பழமைவாதியும் அமர்ந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்! அந்த மேசையில் தொடங்கிய வேலை 1984 பிப்ரவரி 14 அன்று வரைவு ஒப்பந்தமாக அவையேறியது. ஆதரவு 237, எதிர்ப்பு 31. பெரும்பான்மை நாடுகள் ஏற்று, அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வாழ்ந்தால் போதும், நடைமுறைக்கு வரலாம் என்றது வரைவு. ஒற்றை அரசின் மறுப்பு எல்லோரையும் முடக்கக் கூடாது என்ற துணிவு அது.

அரசுகள் என்ன செய்தன? மறுபடியும் தங்கள் பிரதிநிதிகளையே உட்கார வைத்து எழுதின. 1986-இல் வந்த ‘ஒற்றை ஐரோப்பியச் சட்டம்’ என்ற ஒப்பந்தத்தில் வரைவின் சாரம் வடிந்துபோயிருந்தது. அந்த ஏமாற்றத்தோடு அதே ஆண்டு மே மாதம் ஸ்பினெல்லி கண்மூடினார்.

“2005-இல் பிரான்சும் நெதர்லாந்தும் ஐரோப்பாவுக்கான அரசியலமைப்பு வரைவையே நிராகரித்தனவே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த வரைவை எழுதிய மாநாட்டில் மக்கள் பிரதிநிதிகள் இருந்தார்கள். ஆனால் தலைவராக, பிரான்சின் முன்னாள் அதிபர் ஜிஸ்கார் தெஸ்தேனை அமர்த்தியவை அரசுகள், கடைசித் திருத்தமும் அரசுகளுடையது. மக்கள் ‘வேண்டாம்’ என்ற பிறகு அதில் பெரும்பகுதியை லிஸ்பன் ஒப்பந்தமாக்கினார்கள். அவ்விரு நாட்டு மக்களையும் மறுபடி கேட்கவேயில்லை. அது தவறு என்று இந்த மேடையில் உரக்கச் சொல்கிறேன். நாடாளுமன்றமே எழுதியிருந்தால் மக்கள் ஏற்றிருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால், எழுதியவரைத் தேர்தலில் கேள்வி கேட்டிருப்பார்கள். பிடிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அதே லிஸ்பன் ஒப்பந்தம், ஒப்பந்தங்களில் திருத்தம் கோரும் உரிமையை நாடாளுமன்றத்துக்குத் தந்திருக்கிறது. 2023 நவம்பரில், குறுகிய பெரும்பான்மையில்தான், அது அந்தக் கோரிக்கையை நிறைவேற்றியது. அரசுகளே, அதற்கான மாநாட்டைக் கூட்டுங்கள்! உங்கள் மக்களே தேர்ந்தெடுத்தவர்கள் கேட்கிறார்கள்.