நாளை படிக்கலாம் என்போருக்கு

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



தாம்பரம், பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர்ப் பகுதிகளைச் சேர்ந்த நம் பிள்ளைகள் பலர் தேர்வாணையத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கின்றனர். விண்ணப்பித்தவர் யாவரும் படிக்கின்றனரா? திங்கட்கிழமை தொடங்கலாம், பொங்கல் கழியட்டும் என்றே நாள்கள் கழிகின்றன. இதனைச் சோம்பல் என்று ஊரார் எளிதிற் கூறிவிடுவர். நம்மவரைச் சோம்பேறி என்றவர்கள் யாருடைய உழைப்பில் உண்டார்கள் என்பது கிடக்கட்டும்! நாம் அங்ஙனம் கருதவில்லை. பாடம் மலைபோல் தெரிகிறது. தோற்றுவிடுவோமோ என்னும் அச்சம் எழுகிறது. அச்சத்தை மறக்கக் கை தானாகவே கைப்பேசியை நாடுகிறது. முதல் தலைமுறையாகப் படிக்கும் வீட்டில் ஓராண்டு வீணானால் அது ஒருவனோடு போவதில்லை. தங்கையின் கல்லூரிக் கட்டணமும் அதனோடு தள்ளிப்போகிறது.

கைப்பேசியை முற்றும் பழிப்பதும் முறையன்று. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, சித்தாள் வேலைக்குச் செல்லும் தாய்மாரும் கடன்பட்டு அதனை வாங்கித் தந்தனர். பாடம் வந்த அதே வழியில் மற்றவையும் வந்தன. விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் படங்கள் வருவது தற்செயலன்று. நாம் பார்க்கும் நேரமே அந்நிறுவனங்களுக்கு விளம்பர வருவாய். ஆகவே 'மனவுறுதி கொள்' என்று மட்டும் மாணவனிடம் சொல்வது, கடைவீதியில் உட்காரவைத்துத் தவம் செய்யச் சொல்வது போலாகும்.

2017இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ 800 பேரைச் சோதித்தனர். கைப்பேசியை வேறு அறையில் வைத்து வந்தவர்கள், மேசைமேல் கவிழ்த்து வைத்தவர்களைவிடச் சிந்தனைத் தேர்வில் நன்கு செய்தனர். அது ஒலிக்கவும் இல்லை. அருகில் இருந்ததே போதுமாயிற்று! நல்ல ஆய்வுதான். ஆனால் ஓரறை வீட்டில் வேறு அறைக்கு எங்கே போவது?

அண்ணல் அம்பேத்கர் பள்ளி மாணவராக இருந்தபோது பம்பாய்ப் பரேலில் தொழிலாளர் குடியிருப்பின் ஓரறையில்தான் படித்தார். அடுப்பும் பாத்திரமும் உறவினரும் அங்கேயே. தந்தையார் இராம்ஜி, மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்வார். தாம் இரவு 2 மணி வரை விழித்திருந்து, மகனை எழுப்பிவிட்டே உறங்குவார். 1907இல் மகன் மெட்ரிக்குலேஷன் தேறினார். மகனின் உறுதியோடு, வீடும் அவருக்காக நேரம் ஒதுக்கியது. பெற்றோர்கள் இதனை ஊன்றிக் கேட்க வேண்டுகிறோம்.

இளைஞர்களே, குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்தில் 200 வினாக்கள். தொடர்ந்து அமர்ந்து பழகாதவர் விடை தெரிந்தும் தடுமாறுவார். முதல் நாளே 3 மணி நேரம் வேண்டா. பழைய வினாத்தாளில் 10 வினாக்கள் போதும். தொடங்கிய பின் பாதி அச்சம் போய்விடும். வேலைக்குச் செல்வோர், கைப்பேசியில் உள்ள குறிப்புகளைத் தாளில் எழுதிக்கொண்டு கடற்கரை மின்ரயிலில் படிக்கலாம்.

சங்கக் கட்டடத்தின் மாடி அறை மாலை 6 முதல் 9 வரை திறந்திருக்கும். வாயிலில் எண்ணிட்ட மரப்பெட்டி ஒன்று வைத்துள்ளோம். கைப்பேசியை அதில் வைத்துவிட்டு உள்ளே வருக. அவசரத்திற்கு அழைக்கக் காப்பாளரின் எண்ணைத் தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம். பெண் பிள்ளைகளை வீடுவரை கொண்டுவிடப் பெரியவர்கள் இருவர் பெயர் கொடுத்துள்ளனர். இன்னும் மூவர் தேவை.