குருவின் வாசலில் வேட்பாளர்



ஹரியானா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், ராஜஸ்தானின் மணல்வெளிக்கும் பஞ்சாபின் பருத்திக் காடுகளுக்கும் இடையே சிர்சா என்ற ஊர் இருக்கிறது. இந்தியத் தேர்தல் சட்டம் பயின்றவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானது. ராம் தயால் எதிர் சந்த் லால் என்ற வழக்கில் 1959இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அந்தத் தொகுதியிலிருந்து எழுந்தது. சிர்சா அப்போது பஞ்சாப் மாநிலத்தில் இருந்தது. நாம்தாரி சீக்கியர்களின் சத்குரு, அத்தொகுதியில் வாழும் தம் அடியார் ஒவ்வொருவரும் இன்னாருக்கே வாக்களிக்க வேண்டும் என்று ஆணை அனுப்பினார். அவர் சுட்டியவர் வென்றார். நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாததாக்கியது. மதத் தலைவர் தமக்குப் பிடித்த வேட்பாளரைப் புகழ்ந்து பேசலாம், அவருக்கு ஆதரவு கேட்கலாம், அது எந்தக் குடிமகனுக்கும் உள்ள உரிமைதான் என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால், சொல்லை மீறினால் தெய்வக் குற்றம் வந்து சேரும் என்று அடியார் அஞ்சும்படி, வேறு வழியே விடாமல் ஆணையிட்டால் அது முறையற்ற செல்வாக்கு என்றார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவில் இன்றும் அந்தத் தடை இருக்கிறது.

நுட்பமான தீர்ப்பு அது. ஆனால் அது பார்த்தது குருவுக்கும் அடியாருக்கும் இடையிலான உறவை. மதத்தின் பேரால் வாக்குக் கேட்கக் கூடாது என்று 2017 ஜனவரி 2 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் விரித்துச் சொன்ன அபிராம் சிங் வழக்கும் வேட்பாளருக்கும் வாக்காளருக்கும் இடையிலானதையே பார்த்தது. மூன்றாவதாக ஓர் உறவு இருக்கிறது, குருவுக்கும் வேட்பாளருக்கும் இடையில். அடியார்களின் வாக்கைக் குரு தருகிறார் என்றால், வேட்பாளர் திருப்பித் தருவது என்ன? சட்டம் அதிகம் கேட்காத இந்தக் கேள்விதான் சர்ச்சைக்குரிய சாமியார்களோடு அரசியல்வாதிகள் கொள்ளும் தொடர்பை அளக்கச் சரியான கோல் என்பது என் வாதம். வேட்பாளர் யார் காலில் விழுந்தார், அந்தச் சாமியார் மேடையில் என்ன பேசினார் என்பதைவிட, ஆட்சிக்கு வந்தபின் மக்களுக்குச் சொந்தமான எது அந்த வாசலுக்குப் போனது என்று பார்க்க வேண்டும்.

இதற்குச் சான்று தேடிச் சிர்சாவை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. தேரா சச்சா சவுதா என்ற அமைப்பின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. 1948இல் தொடங்கிய அந்த அமைப்புக்கு 1990இல் குர்மீத் ராம் ரஹீம் சிங் தலைவரானார். பஞ்சாபின் மால்வா பகுதியிலும் ஹரியானாவிலும் அவருக்குப் பெருந்திரளான அடியார்கள். அவர்களில் பலர் தலித்துகள், பிற ஏழை எளியவர்கள். சாதிப் பெயரை விட்டுவிட்டு ‘இன்சான்’, அதாவது மனிதன், என்று பெயரோடு சேர்த்துக்கொள்வது அங்கே வழக்கம். பெரிய குருத்வாராக்களிலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் கிடைக்காத மதிப்பு தேராவின் வாசலில் கிடைத்தது என்று அவர்கள் எண்ணியதை யாரும் எள்ளிப் பேசக் கூடாது. நான் சொல்லப்போவது அவர்களுடைய நம்பிக்கைக்கு எதிரானது அன்று. அந்த நம்பிக்கை எப்படிக் கைமாறியது என்பதைப் பற்றியது.

2002இல் தேராவின் சாத்வி, அதாவது பெண் துறவி, ஒருவர் பெயர் குறிப்பிடாமல் அன்றைய பிரதமர் வாஜ்பாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். குருவே தம்மையும் மற்ற சாத்விகளையும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்குகிறார் என்பது அதன் செய்தி. ‘பூரா சச்’ என்ற சிறிய சிர்சா நாளிதழ் அதை வெளியிட்டது. அதன் ஆசிரியர் ராம் சந்தர் சத்ரபதி அவ்வாண்டு அக்டோபரில் தம் வீட்டு வாசலில் சுடப்பட்டு நவம்பரில் இறந்தார். பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் கடிதத்தைத் தானே விசாரணைக்கு எடுத்துக்கொண்டு சிபிஐயிடம் ஒப்படைத்தது. தேராவோடு இணைத்துப் பேசப்பட்ட கொலை வழக்குகள் மேல் நான் எதையும் கட்டவில்லை. அவற்றில் ஒன்றில் 2024இல் உயர் நீதிமன்றம் ராம் ரஹீமை விடுவித்தது. என் வாதத்துக்கு வன்புணர்வு வழக்கு போதும். 2017 ஆகஸ்ட் 25 அன்று பஞ்ச்குலா சிபிஐ நீதிமன்றம், இரு சாத்விகளை வன்புணர்ந்த குற்றத்துக்காக அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. மூன்று நாள் கழித்து 20 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

கடிதத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் 15 ஆண்டுகள். அந்த 15 ஆண்டுகளில் மூன்று மக்களவைத் தேர்தல்கள், ஹரியானாவில் மூன்று சட்டமன்றத் தேர்தல்கள், பஞ்சாபில் மூன்று. வழக்கு நடந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாத செய்தி அன்று. ஆனாலும் 2007 பஞ்சாப் தேர்தலில் தேராவின் ஆதரவு காங்கிரசுக்குப் போனது. 2014 ஹரியானா சட்டமன்றத் தேர்தலில் வெளிப்படையாகப் பாஜகவுக்குப் போனது. வேட்பாளர்கள் கூட்டமாகச் சிர்சாவுக்குச் சென்று ஆசி பெற்றார்கள். 2017 பஞ்சாப் தேர்தலில் அகாலி தளம், பாஜக கூட்டணிக்குப் போனது. எந்தக் கட்சியும் இதில் தனியாகக் குற்றவாளி இல்லை. அதனால் எந்தக் கட்சியும் குற்றமற்றது ஆகிவிடவும் இல்லை. பெயர் சொல்ல அஞ்சிக் கடிதம் எழுதிய பெண்ணின் இடத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். தன்னைச் சீரழித்ததாகத் தான் சொல்லும் மனிதனின் வாசலுக்கு, ஆளப்போகிறவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் வந்து வணங்கிப் போகிறார்கள் என்றால், காவல் நிலையத்தில் தன் சொல் எவ்வளவு எடைபோடும் என்று அவள் கணக்குப் போட்டிருக்க மாட்டாளா?

ஆதரவுக்குப் பதிலாகப் போனது என்னவென்பதில் சில பொதுவெளியில் பதிவானவை. ஹரியானா அமைச்சர்கள் இருவர் தங்கள் விருப்ப நிதியிலிருந்து, 2016இல் 50 லட்சமும் 2017 ஆகஸ்டில் 51 லட்சமும், தேராவின் விளையாட்டுப் பணிகளுக்கு என்று அறிவித்தார்கள். இரண்டாவது அறிவிப்புக்கும் தீர்ப்புக்கும் இடையே இரண்டு வாரம்கூட இல்லை. தீர்ப்பு நாளன்று 144 தடை உத்தரவு பெயரளவில் இருக்க, லட்சக்கணக்கான அடியார்கள் பஞ்ச்குலாவில் கூட விடப்பட்டார்கள். பின்னர் வெடித்த வன்முறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அடியார்களே. வாக்குக்காக நகரத்தை எரியவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் மாநில அரசைக் கண்டித்தது. அரசியல் சரணாகதி என்ற பொருளில் நீதிபதிகள் பேசியதை மிகை என்று என்னால் கருத முடியவில்லை.

அடுத்தது பரோல். 2022 பிப்ரவரியில், பஞ்சாப் வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு, ராம் ரஹீமுக்கு 21 நாள் விடுப்பு. அதோடு இசட் பிளஸ் பாதுகாப்பு. அவ்வாண்டு ஜூனில், ஹரியானா உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் 30 நாள். அக்டோபரில், ஆதம்பூர் இடைத்தேர்தலை ஒட்டி 40 நாள். 2023 நவம்பரில், ராஜஸ்தான் தேர்தலின்போது 21 நாள். 2024 அக்டோபர் 5 அன்று ஹரியானா வாக்களித்தது. அவர் அக்டோபர் 2 அன்று 20 நாள் பரோலில் வெளியே வந்தார். 2025 பிப்ரவரி 5 அன்று டெல்லி வாக்களித்தது. அவர் ஜனவரி 28 அன்று வந்தார். தேர்தல் இல்லாத மாதங்களிலும் அவருக்குப் பரோல் கிடைத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் இருந்த ரோத்தக் சுனாரியா சிறையின் முன்னாள் கண்காணிப்பாளர் ஒருவர், விருப்ப ஓய்வு பெற்று 2024 தேர்தலில் ஆளுங்கட்சி வேட்பாளராக நின்று வென்றார். பரோல் தருவது தன் அதிகாரம் அன்று, மேலதிகாரிகளுடையது என்று அவர் விளக்கியிருக்கிறார். சட்டப்படி அது சரிதான். ஆனால் அவருடைய விளக்கம் மேலிடத்தை நோக்கித்தான் நம் கண்ணைத் திருப்புகிறது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். பரோலும் விடுப்பும் எல்லாக் கைதிகளுக்கும் உள்ள வாய்ப்பு. ஹரியானாவின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஒருவர் புகழ்பெற்றவர் என்பதற்காக அதை மறுக்க முடியுமா? முடியாது, மறுக்கவும் கூடாது. கைதி குடும்பத்தோடும் சமூகத்தோடும் ஒட்டுறவை இழக்காமல் இருக்கத்தான் பரோல். ஆனால் அந்த நியாயம் எல்லாக் கைதிகளுக்கும் ஒரே அளவில் பொருந்தினால்தான் நியாயம். தண்டனைக் காலம் முடிந்தும் சிறையில் கிடக்கும் சீக்கியக் கைதிகளைச் சுட்டிக்காட்டி, சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி இதே கேள்வியோடு உயர் நீதிமன்றம் போனது. ராம் ரஹீம் வெளியே வருவதை நான் எதிர்க்கவில்லை. வரும் நாளை நிர்ணயிக்கும் கை எது என்று கேட்கிறேன்.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. அடியார்களும் வாக்காளர்களே, தொழிற்சங்கத் தலைவர் தொழிலாளர்களுக்கு வழிகாட்டுவது போலக் குருவும் வழிகாட்டுகிறார், மக்கள் எங்கே கூடியிருக்கிறார்களோ அங்கே வேட்பாளர் போகத்தானே வேண்டும் என்பார்கள். பாதி உண்மை. சங்கத் தலைவரை அடுத்த தேர்தலில் மாற்றலாம். கூலி உயரவில்லை என்றால் வாசற்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். குருவை அப்படிக் கேட்க முடியாது. அதைவிட முக்கியமானது, பேரத்தின் பலன் யாருக்குப் போகிறது என்பது. தலித் அடியாரின் வாக்குக்குப் பதிலாக அவருடைய ஊருக்கு நிலமோ பள்ளியோ வந்திருந்தால் அதை அரசியல் என்று ஏற்றுக்கொள்ளலாம். வந்தது குருவுக்குப் பாதுகாப்பும் பரோலும்.

அப்படியென்றால் அந்த வாக்குகளாவது உண்மையில் வந்தனவா? 2014இல் தேரா பாஜகவை ஆதரித்தபோதும் சிர்சா தொகுதியை வென்றது இந்திய தேசிய லோக் தளம். 2017இல் தேரா ஆதரித்த அகாலி தளம் 15 இடங்களிலும் பாஜக 3 இடங்களிலும் சுருங்கின. வாக்கு வந்து சேருமா என்பது எப்போதும் சந்தேகம். ஆனால் விலை முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிடுகிறது. அகாலி தளம் கொடுத்த விலை எல்லாவற்றிலும் பெரியது. 2007இல் குரு கோவிந்த் சிங்கைப் போல உடையணிந்து தோன்றியதாக ராம் ரஹீம் மீது சீக்கியர்கள் கொதித்தெழுந்தார்கள். சீக்கியர்களின் உச்ச சமய பீடமான அகால் தக்த் அவரைப் புறக்கணிக்கச் சொன்னது. அது தொடர்பான வழக்கை 2012 தேர்தல் நெருங்கிய வேளையில், அகாலி தளம் ஆண்ட பஞ்சாபின் காவல்துறை கைவிட முனைந்தது. 2015 செப்டம்பரில் அகால் தக்த் திடீரென்று அவருக்கு மன்னிப்பு வழங்கியது. சீக்கியர்களின் சீற்றம் தாங்காமல் அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றது. அதே அக்டோபரில் புனித நூல் அவமதிப்பை எதிர்த்துப் போராடியவர்கள் மீது பெஹ்பல் கலானில் காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தார்கள். 2024 டிசம்பர் 2 அன்று, அந்த மன்னிப்பு உள்ளிட்ட தவறுகளை ஒப்புக்கொண்டு, அகாலி தளத்தைச் சேர்ந்த முன்னாள் துணை முதலமைச்சர் சுக்பீர் சிங் பாதல் அகால் தக்த் முன் தண்டனை ஏற்றார். கழுத்தில் பலகை தொங்கப் பொற்கோயில் வாசலில் உட்கார்ந்து சேவை செய்தார். மறைந்த தந்தை பிரகாஷ் சிங் பாதலுக்கு அளிக்கப்பட்டிருந்த பட்டமும் திரும்பப் பெறப்பட்டது.

இந்த அளவுகோலைப் பிற இடங்களிலும் வைத்துப் பார்க்கலாம். 2008இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற பராக் ஒபாமா, தம் சிகாகோ தேவாலயத்தின் பாதிரியார் ஜெரமையா ரைட் அமெரிக்காவைச் சபித்துப் பேசிய பிரசங்கங்களுக்காக வாரக்கணக்கில் வறுத்தெடுக்கப்பட்டார். பிலடெல்பியாவில் விளக்கம் தந்து, ஏப்ரலில் பாதிரியாரைக் கண்டித்து, மே மாதக் கடைசியில் தேவாலயத்தை விட்டே விலகினார். எதிரணி வேட்பாளர் ஜான் மெக்கெய்னும் அதே மே மாதம் பாதிரியார் ஜான் ஹேகியின் ஆதரவை வேண்டாம் என்றார். அந்தச் சர்ச்சை முழுக்க இன்னொருவரின் பேச்சைச் சுற்றியே நடந்தது. கைமாறியது என்ன என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. நம் தமிழ் உலகத்திலோ வேறொரு உதாரணம் இருக்கிறது. இலங்கை வட மாகாண முதலமைச்சராக இருந்த விக்னேஸ்வரன், தாம் சாமியார் பிரேமானந்தாவின் பக்தர் என்பதை மறைத்ததில்லை. புதுக்கோட்டை நீதிமன்றம் 1997இல் சிறுமிகளை வன்புணர்ந்ததற்கும் கொலைக்கும் பிரேமானந்தாவுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றமும் 2005இல் உறுதிசெய்தது. அதன் பிறகும் அவரை வணங்குவது ஒருவருடைய மனச்சாட்சிக்கு உட்பட்டது. அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதே வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களை விடுவிக்கக் கோரி, முதலமைச்சராக இருந்துகொண்டு இந்தியப் பிரதமருக்கு அவர் எழுதினார். போரில் எல்லாம் இழந்த மக்கள் காணாமற்போனவர்களுக்காகப் பேச அளித்த பதவி அது. பூஜையறையில் இருக்கும்வரை எனக்கு மறுப்பில்லாத பக்தி, முதலமைச்சரின் கடிதத்தாளுக்கு ஏறியபோது வடக்கின் தமிழர் எல்லாருடைய பெயராலும் பேசத் தொடங்கிவிட்டது.

எனவே வேட்பாளரிடம் அவருடைய குருவைப் பற்றி விசாரிப்பதைவிட, ஆட்சியிடம் ஆவணங்களைக் கேட்பது பயனுள்ளது. அமைச்சரின் விருப்ப நிதி எந்த மடத்துக்கு, எந்தக் கணக்கில் போனது? எந்த அச்சுறுத்தல் அறிக்கையின் மேல் இசட் பிளஸ் கொடுக்கப்பட்டது? அதே சிறையில் அதே ஆண்டில் பரோல் கேட்ட மற்றவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது? இவற்றுக்கு எழுத்தில் பதில் தரும் வழி ஏற்கெனவே இருக்கிறது. ராம் ரஹீமின் 2024 அக்டோபர் பரோல், தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருந்தபோது கேட்கப்பட்டதால், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் அரசு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ஹரியானாவுக்குள் நுழையக் கூடாது, தேர்தல் பணியில் ஈடுபடக் கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. அவர் உத்தரப் பிரதேசத்தின் பர்னாவா ஆசிரமத்தில் தங்கினார். காரணம் கேட்கப்பட்டது, நிபந்தனையும் போடப்பட்டது. அந்தக் கோப்பை, 2002இல் கடிதம் எழுதிய பெண்ணும் சிர்சாவில் ‘பூரா சச்’ வாங்கிப் படித்தவர்களும் திறந்து பார்க்க முடியும் என்ற நிலை மட்டும் இன்னும் வரவில்லை.